கங்காருவின் குடற்புழுக்கள்: ஐடிஎஸ்-2 நல்லதா, காக்ஸ்-1 நல்லதா?

கங்காரு, வாலபி போன்ற வயிற்றில் பையுள்ள விலங்குகளின் உருளைப்புழுக்களில் பல, நுண்ணோக்கியில் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். இனம் பிரிக்க டிஎன்ஏவைத்தான் நாட வேண்டும். சென்னையில் என் ஆய்வேட்டுக்காக ஐடிஎஸ்-2, காக்ஸ்-1 என்ற இரண்டு டிஎன்ஏ துண்டுகளில் எதைப் படிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள ஐடிஎஸ்-2 துண்டையே தேர்ந்தெடுத்தேன்; இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

காக்ஸ்-1 என்ற மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, வேகமாக மாறுகிறது, நெருங்கிய இனங்களையும் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் புழுவுக்குப் புழு வேறுபடுவதால், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்ற தலைவலி வரும்.

ஐடிஎஸ்-2 இனத்துக்குள் பெரும்பாலும் நிலையாக இருக்கும். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் ஆட்டின் நான்காம் வயிற்றைத் திறந்தால் கிடைக்கும் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற உருளைப்புழுவையே பாருங்கள். மாட்டில் வாழும் ஹீமாங்கஸ் பிளேசியோடு ஒப்பிட்டால் ஐடிஎஸ்-2இன் 231 டிஎன்ஏ எழுத்துகளில் 3 மட்டுமே வேறு. அந்த 3 போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். 1995இல் இது வெளியானது. அதே ஆண்டில், ஹைப்போடோண்டஸ் மேக்ரோபி என்ற ஒரே பெயரில் கிடந்த கங்காருப் புழுக்களுக்குள் உருவத்தால் பிரிக்க முடியாத பல இனங்கள் இருப்பதையும் ஐடிஎஸ்-2 வேறுபாடுகள் உறுதிசெய்தன.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பிரைமர், அதாவது நகலெடுக்க வேண்டிய பகுதியின் ஓரத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தனாலில் வந்த புழுக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தலையையும் வாலையும் வெட்டி லாக்டோஃபீனாலில் தெளியவைத்து அடையாளச் சான்றாகப் பத்திரப்படுத்த வேண்டும். டிஎன்ஏ எடுக்க மிஞ்சுவது நடுத்துண்டு மட்டுமே. அதிலும் ஆண் புழுவையே எடுப்பேன். பெண்ணின் கருப்பையில் உள்ள முட்டைகளில் ஆண்களின் டிஎன்ஏவும் கலந்திருக்கும். இத்தனை அரிதான பொருளில், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் பொய்த்தால் அந்தப் புழுவை மறுபடி எங்கே தேடுவது? ஐடிஎஸ்-2க்கு இருபுறமும் உள்ள 5.8எஸ், 28எஸ் மரபணுக்கள் அதிகம் மாறாதவை. ஆகவே ஆட்டுப் புழுவில் பழகிய அதே பிரைமர் ஜோடி கங்காருப் புழுவிலும் ஒட்டுகிறது. காக்ஸ்-1இல் பிரைமர் ஒட்ட வேண்டிய இடமே இனத்துக்கு இனம் மாறிவிடுகிறது. பிசிஆர் பலித்ததைக் காட்டும் பட்டை ஜெல்லில் வராமல் போனால் பழி டிஎன்ஏவுடையதா, பிரைமருடையதா என்று சொல்லவும் வழியில்லை.

நாடாப்புழுக்களில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. கங்காருவின் பித்தநாளத்தில் வாழும் புரோகமோட்டீனியா ஃபெஸ்டிவாவுக்குள் ஒளிந்திருந்த வேறுபாடுகளை 2007இல் காட்டியது காக்ஸ்-1தான். எனவே அந்தப் பக்கம் என் பரிந்துரையை அப்படியே ஏற்க வேண்டாம். உருளைப்புழுவென்றால் முதலில் ஐடிஎஸ்-2. டிஎன்ஏ மிஞ்சினால் காக்ஸ்-1.