மிதக்கும் பூக்களுக்கு ஒரு போலரைசர்: பழகிய பிறகு சொல்வது

தண்ணீரில் மிதக்கிற பூவைப் படம் எடுக்கப் போனால் பெரிய தொல்லை வானம்தான். உருளியில் போட்ட செவ்வந்தியாக இருந்தாலும் சரி, காலிங்கராயன் வாய்க்காலில் உதிர்ந்து போகிற சரக்கொன்றையாக இருந்தாலும் சரி, வெளுத்த வானம் தண்ணீரில் விழுந்து பூவின் நிறத்தைக் கரைத்துவிடும். அதற்காகத்தான் லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற சி.பி.எல். போலரைசர் வாங்கினேன்; முன்பக்க வளையத்தைத் திருப்பினால் தண்ணீரின் தெறிப்பைக் குறைக்கிற கண்ணாடி ஃபில்டர் அது. ஈரோடு, கோவைப் பக்கம் கல்யாண வீடுகளிலும் ஆற்றங்கரையிலும் சில வருஷங்களாக அதோடுதான் புழக்கம். இந்த வேலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தெறிப்பு முழுசாக மறைகிற வரை வளையத்தைத் திருப்பி வைத்து எடுக்காதீர்கள்.

தண்ணீரின் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒரு நிலையில் இந்த ஃபில்டர் அதைத் தடுக்கும். கோணம் முக்கியம். நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது தெறிப்பு ஏறக்குறைய முழுசாகவே மறையும். நேர் மேலிருந்து எடுத்தால் ஒரு பயனும் இல்லை. உருளியை நேர் மேலிருந்து எடுப்பதைத்தான் பலரும் விரும்புகிறார்கள். அந்தப் படத்துக்கு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், மாட்டியிருந்தாலே அது ஒளியைத் தின்னும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). 1/125 நொடி ஷட்டரில் எடுத்துக்கொண்டிருந்த படத்துக்கு 1/30 வரை இறங்க வேண்டிவரும். மிதக்கிற பூ லேசாகச் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் ஷட்டர் வேகத்தைக் குறைக்காமல், ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத்தான் ஏற்றுகிறேன்.

பித்தளை உருளியில் இன்னொரு சங்கதி. தண்ணீரின் பளபளப்பு போகும், விளிம்பின் பளபளப்பு போகாது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை இந்த ஃபில்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வெள்ளை வேட்டியை மேலே பிடிக்கச் சொன்னால் போதும், விளிம்பு அடங்கிவிடும்.

இதன் உண்மையான லாபம் எனக்குத் தெரிந்தது ஒரு அரளி இதழில்தான். வெயில் விழுகிற இடத்தில், அடி தெரிகிற ஆழமில்லாத தண்ணீரில், உதிர்ந்த ஒற்றை இதழைப் போட்டுப் பாருங்கள். இதழ் அமர்ந்த இடத்தில் நீர்ப்பரப்பு கிழியாமல் கொஞ்சமே கொஞ்சம் குழியும். அந்தக் குழிவில் ஒளி விலகுவதால், அடியில் விழும் நிழல் இதழைவிடப் பெரிதாக இருக்கும், நிழலின் ஓரத்தில் வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி ஒரு ஒளிக்கோடும் ஓடும். ஃபில்டர் இல்லாமல் வானத்தின் தெறிப்பில் இது பாதி மறைந்துதான் கிடக்கும். வளையத்தைத் திருப்பும்போது நிழல் மெல்ல மேலெழுந்து வருவதை இன்றைக்கும் அலுக்காமல் பார்க்கிறேன்.

ஆனால் தெறிப்பை முழுசாகத் துடைத்துவிட்டால், பூ தரையில் கிடப்பது போல ஆகிவிடும், தண்ணீரே இருக்காது. ஆடிப் பதினெட்டு அன்று பவானி கூடுதுறையில் வளையத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, பூ விற்கிற ஆத்தா ஒருவர் கேட்டார்: “ஏங்கண்ணு, பூவை விட்டுப்போட்டு எதையோ திருகிட்டே நிக்கறே?” “தண்ணி தெரியோணுமுங்க ஆத்தா, அதான் பாத்துட்டிருக்கறனுங்க” என்றேன். உண்மையும் அதுதான். தெறிப்பு முழுசாக மறைகிற இடத்திலிருந்து வளையத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்புவேன். இதழின் நிறமும் நிற்கும், பக்கத்தில் ஒரு துண்டு வானமும் தங்கும்.

ஆடி என்றதும் காற்றைச் சொல்லாமல் முடியாது. அம்மியையே பறக்க வைக்கிற காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அடித்து வீசும். அலை எழுந்தால் ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு கோணம். ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் வெளுக்கும். அந்த மாதத்தில் விடியற்காலையில் போய்விடுவதுதான் நல்லது.

வெள்ளைப் பூவுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். சுற்றிலும் தண்ணீர் கருத்துவிடுவதால் கேமரா ஏமாந்து நந்தியாவட்டையை வெளுக்க வைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடுகிற ஒளியை, முக்கால் ஸ்டாப் குறைத்து வைக்கிறேன்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. தெறித்த துளி காய்ந்தால் வெள்ளை வட்டம் நிற்கும், உடனே நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். திருகு இறுகிக்கொண்டால் வளையத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் திருகினால் கழன்றுவிடும். லென்ஸைக் காக்க மாட்டுகிற யு.வி. ஃபில்டரின் மேல் இதை மாட்டாதீர்கள், அகலமாக எடுக்கும்போது மூலைகள் கருக்கும்.

கடையில் வாங்கும்போது ஒரு எல்.சி.டி. திரைக்கு முன்னால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் திரை நன்றாக இருண்டால் ஃபில்டர் சரி. ஃபில்டரின் பின்பக்கம் திரையைப் பார்த்து இருந்தால் இருளாது, அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். செல்போனில் எடுப்பவர்கள் தனியாக வாங்கக்கூட வேண்டாம். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இருந்தால் அதன் கண்ணாடியை லென்ஸின் முன்னால் பிடித்துச் சுற்றினாலே தெறிப்பு குறைவது தெரியும்.