நாட்டு வெள்ளரியா, விதையில்லா வீரிய ஒட்டு ரகமா?

புதுச்சேரியின் பாகூர், கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் பக்கம் வெள்ளரி போட நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

விதைச் செலவு: நாட்டு ரகத்துக்குப் பெரிதாக இல்லை. ஒட்டு விதையை எண்ணித்தான் விற்கிறார்கள்.

காய்ப்பு: நாட்டுக் கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. இதழுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்பூ. அதற்கும் தேனீ வர வேண்டும். ஒட்டில் பெரும்பாலும் பெண்பூதான், மகரந்தமே இல்லாமல் காய்க்கும். விளைச்சலில் போட்டியே இல்லை.

விதை எடுப்பு: நாட்டில் எடுக்கலாம். ஆனால் பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். சான்று விதைக்கு, அதாவது தரச் சான்று பெற்று விற்கும் விதைக்கு, 500 மீட்டர் இடைவெளி கேட்பது அதனால்தான். ஒட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

இடம்: ஒட்டுக்குப் பசுமைக்குடில் வேண்டும். 2011இல் ‘தானே’ புயலைப் பார்த்த ஊரில் அதை யோசித்துத்தான் போட வேண்டும்.

பஸ் ஸ்டாண்ட் பிஞ்சு வியாபாரத்துக்கும் விதை சேர்ப்பவர்களுக்கும் நாட்டு ரகம். புதுச்சேரி ஓட்டல்களுக்கு ஒரே அளவில் காய் தர வேண்டுமா, சரி, ஒட்டு போடுங்கள்.