ஆக்சிஜன் அறை என்று சொல்லி ஜிப் பையில் படுக்க வைத்தார்கள்: நாற்பது அமர்வுப் பணமும் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த குழந்தைகளில் சிலருக்குப் பல மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட, கதிர் பட்ட திசு செத்துப்போவதுண்டு. என் மகளின் நடை தள்ளாடியது அதனால்தான். மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்தார். உயர் அழுத்த ஆக்சிஜனையும் (அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பது) யோசிக்கலாம், ஆனால் மூளைக்கு அதன் ஆதாரம் குறைவு என்றார்.

அதற்காக நாங்கள் போனது ஒரு தனியார் 'ஆரோக்கிய மையம்'. வரவேற்பில் இருந்தவர் மகள் முன்னால் மண்டியிட்டு, தொப்பியைச் சரிசெய்து, "உள்ளே போன்ல கார்ட்டூன் பார்த்துக்கிட்டே படுத்திருக்கலாம் செல்லம்" என்றார். அவள் சிரித்தாள். நாற்பது அமர்வுக்கான முழுப் பணத்தையும் அங்கேயே கட்டினேன்.

அது அறையே இல்லை. ஜிப் வைத்த பை. அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 1.3 மடங்குதான். முறையான சிகிச்சை என்றால் கெட்டியான அறை, 2 முதல் 2.5 மடங்கு அழுத்தம், 100% ஆக்சிஜன். இதை எங்கள் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன் கதையைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. தீப்பிடிக்கும் என்பதால் நிஜ அறைக்குள் போனை விடவே மாட்டார்களாம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆக்சிஜன் அறை தீப்பிடித்து 5 வயதுச் சிறுவன் இறந்திருக்கிறான்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியதில் ஏற்கனவே காது மந்தமான பிள்ளை, பைக்குள் காது வலிக்கிறது என்று அழுதாள். "உடம்பு பழகுதுங்க" என்றார்கள். என்ன கீமோ கொடுத்தீர்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

பணத்தைக் கேட்டால் மேனேஜர் லீவு. அப்புறம், "பேக்கேஜ் திருப்பித் தர மாட்டோம், வேணும்னா வேற யாருக்காவது மாத்திக்கோங்க." யாருக்கு மாற்ற, தெருவில் போகிற பிள்ளைக்கா? இப்போது என் மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது. நாற்பது அமர்வுப் பணம்!

என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அழுத்தம் எத்தனை மடங்கு என்று எண்ணாகக் கேளுங்கள். ஏறிய மருந்துப் பட்டியலை நீட்டுங்கள். அதில் ப்ளியோமைசின் (நுரையீரலைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து) என்று பார்த்தும் நுரையீரலைப் பற்றிக் கேட்காத இடத்தில் நிற்காதீர்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். ரசீதைப் படித்துப் பாருங்கள். எங்களுடையதில் 'சிகிச்சை' என்றே இல்லை, 'ஓய்வுச் சேவை' என்று போட்டிருக்கிறார்கள்.