வேட்டைக்காரரிடம் கேட்பதா, காட்டில் கமரா கட்டுவதா?

ஓநாய்களை எண்ண அமெரிக்காவில் அடுத்தடுத்துள்ள மொன்டானா, ஐடாகோ மாநிலங்கள் வெவ்வேறு வழி பிடித்தன. மொன்டானாவில் வேட்டைப் பருவம் முடிந்ததும் அனுமதி வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். எத்தனை மான் விழுந்தது, எத்தனை நாள் காட்டில் நின்றீர்கள், ஓநாய் கண்டீர்களா, எங்கே? ஒரே அழைப்பில் வேட்டைக் கணக்கும் ஓநாய்த் துப்பும் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் வேறெதையோ கண்டவரும் ஓநாய் என்பார். அதைக் கணிதத்தால் திருத்த வேண்டும். ஓர் ஓநாய்க் கூட்டத்தில் சராசரியாக எத்தனை, அது ஆளும் பரப்பு எவ்வளவு என்ற ஊகம் பிசகினால் மொத்தத் தொகையும் பிசகும்.

ஐடாகோ 2019இல் 500க்கு மேற்பட்ட தானியங்கிக் கமராக்களைக் கட்டி, 1,541 ஓநாய்கள் என மதிப்பிட்டது. குவியும் படங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் பெரும்பாடு.

திருகோணமலைக்கு எது சரி? இங்கே ஓநாய் இல்லை, நரியும் சிறுத்தையும்தான். முதல் வழி எடுபடாது என்பேன். மானையும் மரையையும் சுடுவது குற்றம். கட்டுத்துவக்கு வைப்பவர் உண்மை சொல்லி மாட்டிக்கொள்வாரா? சிறுத்தைக்குக் கமராதான். ஒன்றின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு இராது, தனித்தனியே அடையாளம் காணலாம். ஓநாயில் அந்த வசதி இல்லை. கந்தளாய்ப் பக்கம் யானை பிடுங்கி எறியாதபடி இரும்புக்கூடு போட வேண்டும், அவ்வளவுதான். பிரெட்ரிக் கோட்டை மான்களுக்கு இரண்டும் வேண்டாம். அவை வீதிக்கே வந்து நிற்கும்.