தினமும் கும்பிட ஒரு சாமியா, பல சாமியா?

நீலகிரியில் பல வீடுகளின் சாமி அலமாரி நிறைந்து வழிகிறது. திருப்பதியில் வாங்கிய படம், பழனியில் வாங்கிய படம், புதுமனை புகுவிழாவுக்கு யாரோ கொடுத்தது, காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டது என்று வரிசை நீளும். கும்பிடுகிறவருக்குக் காலையில் கிடைப்பதோ அரை மணி நேரம். இத்தனை பேரையும் தினம் கும்பிட வேண்டுமா, ஒருவரைப் பிடித்துக்கொண்டால் போதுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பயத்தோடுதான் கேட்கிறார்கள். ஒருவரை மட்டும் கும்பிட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் அது. அந்தப் பயத்தில் எடுக்கிற முடிவு எதுவும் நிலைக்காது. அதனால் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். குலதெய்வம் இந்தப் போட்டியில் இல்லை. அது வழிவழியாக வந்தது, நாம் தேர்ந்தெடுத்தது இல்லை. பிள்ளையாரும் போட்டியில் இல்லை, யாரைக் கும்பிட்டாலும் முதலில் அவர்தான். பழனியில் தண்டாயுதபாணியை மட்டுமே நம்பி மலையேறுகிறவர்களும் அடிவாரத்தில் பாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத்தான் படியில் கால் வைக்கிறார்கள். அதற்காக அவர்கள் பல தெய்வ வழிபாட்டுக்காரர்கள் ஆகிவிடுவதில்லை.

சரி, ஒரே தெய்வம். இதன் பெரிய பலம், மனம் ஒரு முகத்தில் போய் நிற்பது. முருகன்தான் என்று முடிவு செய்தவர் கந்த சஷ்டி கவசத்தை அவசரமில்லாமல் ஒரு முறை சொன்னால் இருபது நிமிடம் ஆகும். சில மாதங்களில் அது மனப்பாடம் ஆகிவிடும். அதற்குப் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கு நடக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அதே வரிகள் உள்ளே ஓடும். பூஜை அலமாரியை விட்டு வெளியே வருகிற பக்தி இது. பதினைந்து படங்களுக்கும் பொட்டு வைத்து, பூ வைத்து, ஆளுக்கு ஒரு சுலோகம் சொல்லி முடிப்பவருக்கு இது கிடைப்பது கஷ்டம். அவர் மனம் எந்தப் படம் விட்டுப்போயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

மலையில் பொருள் பிரச்சினையும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். உதகையில் வருஷத்தில் பெரும்பாலான காலைகளில் அது கட்டிதான். நல்லெண்ணெய் அப்படிக் கெட்டியாவதில்லை என்பதால் இங்கே விளக்குக்கு அதுதான் சௌகரியம். பெருமாளுக்குத் துளசி வேண்டும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் வாசல் துளசி கருகிவிடும். சிவனுக்கு வில்வம் வேண்டும். அது சமவெளி மரம், பெரும்பாலும் கீழிருந்துதான் வர வேண்டும். மல்லிகையும் சத்தியமங்கலம் பக்கமிருந்து ஏறி வர வேண்டும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரியதை ஒவ்வொரு நாளும் தேடுவது, மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்குச் சுமை. ஒருவர் என்றால் விளக்கும் ஒரு பூவும் போதும்.

விரதக் கணக்கைப் பாருங்கள். எல்லோரையும் முறையாகக் கும்பிட வேண்டும் என்று இறங்கினால் மாதத்தில் இரண்டு பிரதோஷம், இரண்டு ஏகாதசி, இரண்டு சஷ்டி, ஒரு கிருத்திகை, ஒரு சங்கடஹர சதுர்த்தி, அமாவாசை, பௌர்ணமி என்று பத்து நாள் வந்துவிடுகிறது. செவ்வாயும் வெள்ளியும் இதில் சேரவில்லை. பட்டினியோடு கூடை சுமந்து சரிவில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அவர்கள் எதையும் விட மாட்டார்கள், உடம்புதான் விட்டுவிடும். ஒரே தெய்வத்துக்கு மாதம் ஒன்றோ இரண்டோ விரதம் என்றால் தாங்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு பல தெய்வ வழிபாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் கட்டி வைக்கிறது. உதகை மாரியம்மன் கோயிலில் மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்தாரும் ஆளுக்கு ஒரு நாள் உபயம் எடுத்துத் தேர் இழுக்கிறார்கள். நான் முருக பக்தன், எனக்கு இதில் வேலையில்லை என்று அன்றைக்கு ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் இழப்பது ஊரை. படுகர்களின் தெய்வமான எத்தையம்மனின் பண்டிகையும் அப்படித்தான். அவர்கள் வெள்ளை உடுத்திக் கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணிக்குத் திரளும் நாளில் மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிறார்கள். அவர்களில் சிவனை, காரமடை ரங்கநாதரைக் கும்பிடுகிற வீடுகள் உண்டு. எத்தையம்மன் அதோடு மோதுவதில்லை.

இன்னொரு கூட்டத்தாரும் இங்கே இருக்கிறார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, கோத்தகிரி, கூடலூர் பக்கத் தோட்டங்களில் குடியேறியவர்கள். தலைமுறைகளுக்கு முன்னால் கடல் தாண்டிப் போனபோதே சொந்த ஊரோடு தொடர்பு அறுந்ததால், குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத குடும்பங்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மாரியம்மன், முருகன், முனியாண்டி என்று பலர் சேர்ந்து அந்த இடத்தை நிரப்புகிறார்கள். அவர்களிடம் போய் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஒவ்வொரு படமும் ஒரு தாத்தா பாட்டியின் நினைவு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய வழி உண்டு. சிவன், விஷ்ணு என்று பிரிக்காமல் எல்லோரையும் கும்பிடும் ஸ்மார்த்த மரபில் ஆதிசங்கரர் வகுத்ததாகச் சொல்லப்படும் பஞ்சாயதன பூஜை. சிவன், விஷ்ணு, அம்பாள், விநாயகர், சூரியன் ஆகிய ஐவரும் ஒரே தட்டில் இருப்பார்கள். சிவனுக்கு நர்மதை பாணலிங்கம், விஷ்ணுவுக்குக் கண்டகி நதியின் சாளக்கிராமம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கல். தனக்கு இஷ்டமானவரை நடுவில் வைத்து, மற்ற நால்வரையும் சுற்றி வைக்க வேண்டும். சிவ பக்தர் வீட்டில் பாணலிங்கம் நடுவில் இருக்கும், விஷ்ணு பக்தர் வீட்டில் சாளக்கிராமம் நடுவில் இருக்கும். யாரும் வெளியே போவதில்லை, ஆனால் நடு இடம் ஒருவருக்குத்தான். எனக்கு இதில் பிடித்தது அந்த அமைப்புதான். கல்லும் மந்திரமும் இல்லாத சாதாரண வீட்டிலும் அந்த அமைப்பைக் கடைப்பிடிக்கலாம்.

பஞ்ச சம்ஸ்காரம் என்ற தீட்சை பெற்ற வைணவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். பெருமாளிடம் சரணாகதி செய்த பிறகு வேறு தெய்வத்தை நாடுவது அவர்களுக்கு முறையில்லை. அவர்கள் நிலையில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அது அவர்கள் செய்துகொடுத்த ஒரு சத்தியம். கீதை ஏழாம் அத்தியாயத்தில், யார் எந்த வடிவத்தை நம்பிக்கையோடு வணங்க விரும்பினாலும் அந்த நம்பிக்கையை நானே அசையாததாக ஆக்குகிறேன் என்கிறான் கண்ணன். அடுத்த சில வரிகளிலேயே அப்படிக் கிடைக்கும் பலன் முடிவுள்ளது, என் பக்தர் என்னையே அடைவார் என்றும் சொல்கிறான். பல தெய்வக்காரர்கள் முதலாவதையும் ஒரு தெய்வக்காரர்கள் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று மட்டும் உறுதி: மற்ற தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று அங்கே எங்கும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. தினசரி வழிபாட்டுக்கு நடுவில் ஒருவர். மற்றவர்கள் அவரவர் நாளில், அவரவர் கோயிலில். காலையில் விளக்கேற்றிப் பிள்ளையாரை நினைத்து, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, பிறகு மிச்ச நேரம் முழுவதும் அந்த ஒருவருக்கு. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், சனிக்கிழமை பெருமாள் கோயில் என்று போவதை யாரும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம் அந்தப் படங்கள். மழைக்காலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பூஞ்சை பூத்து முகமே தெரியாமல் போனவற்றை அலமாரியிலேயே வைத்திருப்பது மரியாதை இல்லை. ஓடையில் விடுவதும் வேண்டாம், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்துவிட்டு, காகிதத்தை மட்டும் கால் படாத இடத்தில் ஒரு மரத்தடியில் புதைத்துவிடலாம்.

கல்யாணமாகி வருகிற பெண் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குலதெய்வம் அவளுக்குப் புகுந்த வீட்டுடையதாக மாறிவிடுகிறது. இஷ்டதெய்வம் அப்படி மாறுவதில்லை, அதை யாரும் மாற்றச் சொல்லவும் கூடாது. மாமியார் வீட்டில் நடுவில் பெருமாள் இருக்கலாம். மருமகள் சிறு வயதிலிருந்து முருகனைக் கும்பிட்டு வந்தவளாக இருக்கலாம். அதே அலமாரியில் இன்னொரு தட்டு அடித்து, அவள் முருகனை அதன் நடுவில் வைத்து, அவளுக்கென்று ஒரு விளக்கும் கொடுத்துவிடுங்கள்.