சைலண்ட் ஹில்: கணவனை வெட்டுவதா, விளக்கத்தை வெட்டுவதா?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘சைலண்ட் ஹில்’ என்ற திகில் வீடியோ கேமை, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ்டோஃப் கான்ஸ் 2006இல் திரைப்படமாக்கினார். கேமின் தெருக்களையும் பள்ளிக்கூடத்தையும் அபாயச் சங்கொலியையும் இவ்வளவு மரியாதையோடு திரைக்குக் கொண்டுவந்த படங்கள் மிகக் குறைவு. ஆனால் அந்த மரியாதையையும் மீறி, இரண்டாம் பாதியில் படம் பயமுறுத்துவதை விட்டுவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ரசிகர்கள் இந்தப் படத்தைத் தாங்களே மறுபடி எடிட் செய்து பார்ப்பதற்கு இதுவே முதற்காரணம். வெளியான படத்தை அதே வாரத்தில் நீளம் குறைத்து மறுபடி ஓட்டுவதைத் தமிழ்த் திரையரங்குகளில் பார்த்துப் பழகிய நமக்கு, முடிந்துபோன படத்தில் கத்தரி வைப்பது அதிர்ச்சியான செயலும் அல்ல.

ஆனால் எதை வெட்டுவது என்பதில் மூன்று வழிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சைலண்ட் ஹில் என்ற ஊரில் காணாமல்போன மகளைத் தேடும் தாயின் கணவன் வரும் காட்சிகளை முழுவதும் நீக்குவது ஒரு வழி. கணவனை விட்டுவிட்டு, இறுதிப் பகுதியில் வரும் நீண்ட விளக்கத்தை மட்டும் நீக்குவது இரண்டாவது வழி. வெட்டுவதோடு நிற்காமல், கேமின் காட்சித் துண்டுகளையே படத்துக்குள் சேர்ப்பது மூன்றாவது வழி. மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவரின் திருநகர் அறையில், முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் கணினிகள் சும்மா இருந்த நேரத்தைப் பயன்படுத்தி, இந்த மூன்றையும் ஒரே ப்ளூ-ரே வட்டிலிருந்து செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்தப் பார்வையிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். கேமில் மூடுபனி ஏன் வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதைதான்: பிளேஸ்டேஷனால் தொலைவிலுள்ள கட்டடங்களை ஒரே நேரத்தில் வரைந்து காட்ட முடியாது என்பதால், அந்தக் குறையை மறைக்கப் பனி பயன்பட்டது. அந்தத் தொழில்நுட்பக் குறையே கேமின் பயத்துக்கு ஊற்றாகிவிட்டது; நாலடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கையிலிருக்கும் ரேடியோ இரையத் தொடங்கும்போது மட்டும் ஏதோ நெருங்குகிறது என்று உணர்ந்து, காணாமல்போன மகளைத் தேடித் தகப்பன் நடக்கிறான். ஆகவே இந்தக் கதையின் எந்த மறு எடிட்டையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். தேடிப் போகிறவருக்குத் தெரிந்ததற்கு மேல் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாமல் இருக்கிறதா? படத்தில் தகப்பனுக்குப் பதிலாக ரோஸ் என்ற தாய் தேடுகிறாள் என்பதால் இந்த அளவுகோல் மாறிவிடுவதில்லை.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், கணவனை நீக்கும் முதல் வழி மிகுந்த நியாயமுள்ளது. முதலில் எழுதப்பட்ட திரைக்கதையில் ஆண்கள் ஏறத்தாழ இல்லை என்று ஸ்டுடியோ குறைப்பட்டதால்தான் கிறிஸ்டோஃபர் என்ற கணவனின் பகுதி விரிவாக்கப்பட்டது என்று இயக்குநரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாத்திரத்தில் ஷான் பீன் நன்றாகவே நடித்திருக்கிறார். குறை நடிப்பில் இல்லை, அவர் வரும் இடத்தில் இருக்கிறது. சாம்பல் கொட்டும் ஊருக்குள் ரோஸ் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கும்போது படம் அவளை விட்டுவிட்டு, வெளியுலகின் சாதாரண வெளிச்சத்துக்குப் போய், காவல் அதிகாரியோடு கணவன் பேசுவதைக் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் நாம் பனியைவிட்டு வெளியே வந்து மூச்சு விட்டுக்கொள்கிறோம். திகில் படத்தில் பார்ப்பவருக்கு இப்படி இலவசமாகக் கிடைக்கும் மூச்சு, அடுத்து வரும் காட்சியின் பாதி பலத்தை வாங்கிவிடுகிறது.

கணவன் காட்சிகள் முழுவதும் போன பதிப்பைப் பார்த்தபோது, பள்ளிக்கூடப் பகுதி அசலைவிட இரண்டு மடங்கு இறுக்கமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. காட்சிகள் அதேதான், நடுவே வெளியே போகாததால் இருட்டு இருட்டாகவே நீடிக்கிறது. சங்கு ஊதியதும் சுவர்கள் உரிந்து துருவேறும் மாற்றம், இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வருகிறது. இந்தப் பலனை வேறு எந்த வழியும் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தப் பதிப்பு கடைசிக் காட்சியில் உடைகிறது. ரோஸும் மகளும் வீடு திரும்புகிறார்கள்; வீடு மங்கலாக, வெளிறி இருக்கிறது. அதே வீட்டில், அதே கூடத்தில், வெயில் வரும் மற்றோர் உலகத்தில் கணவன் தனியாக இருக்கிறான். கதவு திறந்திருக்கிறது, ஆனால் அவன் கண்ணுக்கு யாரும் இல்லை. தாயும் மகளும் அந்த ஊரைவிட்டு வந்துவிட்டாலும் அதன் உலகத்தைவிட்டு வரவே இல்லை என்பது இந்த ஒப்புமையால் மட்டுமே தெரிகிறது. கணவனை முழுக்க நீக்கினால், அவர்கள் நலமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற நிறைவான முடிவாக அது மாறிவிடுகிறது. கணவனைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வைத்து நடுவில் எடுத்துவிட்டாலோ வேறொரு சிக்கல் வருகிறது. படத்தை முதன்முறையாகப் பார்த்த தம்பி ஒருவர், பாதியில், “அந்தப் புருசன்காரரு எங்கண்ணே போனாரு, தேடவே இல்லையா?” என்று கேட்டார். பிள்ளையும் பெண்டாட்டியும் காணாமல்போன பிறகு தேடிப் புறப்படாத ஒரு மனிதனாகக் கிறிஸ்டோஃபர் ஆகிவிட்டான். அது அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது வழி வேறு இடத்தில் கத்தரி வைக்கிறது. மருத்துவமனையின் அடித்தளத்தில், முகமற்ற செவிலியர்களைக் கடந்து ரோஸ் போய்ச் சேர்ந்ததும், கரிய உருவமாகிய சிறுமி ஊரின் பழைய கதை முழுவதையும் குரல்வழியே சொல்லிவிடுகிறாள். பழைய பிலிம் போலப் புள்ளிபுள்ளியாகத் தெரியும் அந்தப் படங்கள் அருமையானவை. அவற்றின் மேல் ஓடும் பேச்சுதான் தாங்க முடியாதது. அலெஸ்ஸா என்ற குழந்தையை ஊரார் தீயிலிட்டதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஊரார் அவளைத் தீயிலிட்டார்கள் என்று காதிலும் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் பெரியவர்கள் பிள்ளைகளை எச்சரிக்கும் முறையை நினைத்துப் பார்க்கலாம்: உச்சி வேளையில் அந்தப் புளியமரத்துப் பக்கம் போகாதே என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏன் என்று கேட்டால் முறைப்பார்கள், அந்த மரத்தின் மீதுள்ள பயம் ஐம்பது வயதிலும் போவதில்லை. கான்ஸின் படம் அப்படி நிறுத்திக்கொள்ள மறுக்கிறது.

இந்தப் பேச்சை நீக்குவது தொழில்நுட்ப அளவில் மற்றெல்லாவற்றையும்விட எளிது என்பது இந்த வழியின் பெரிய அனுகூலம். ப்ளூ-ரேயில் ஒலி 5.1 முறையில் ஆறு தடங்களாகப் பிரிந்து இருக்கிறது. உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான சென்டர் சேனலிலும், இசை மற்ற சேனல்களிலும் பரவியிருக்கும். சென்டர் சேனலை அந்த இடத்தில் மட்டும் அடக்கிவிட்டால் சிறுமியின் குரல் போய், அகிரா யமாவோகா கேமுக்காக அமைத்துப் படத்திலும் ஒலிக்கும் இசை அப்படியே நிற்கிறது. காலடி ஓசை, தீயின் ஓசை போன்றவற்றில் சிலவும் சென்டரிலேயே இருப்பதால் அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்தை மேலே தூக்கிப் பந்தல் சத்தத்தைக் கீழே இறக்கிப் பழகியவர்களுக்கு இது அன்றாட வேலைதான். இணையத்திலிருந்து எடுத்த ஸ்டீரியோ கோப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அதில் குரலும் இசையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பழைய PAL தொலைக்காட்சி முறை டிவிடியும் உதவாது. நொடிக்கு 24 ஃபிரேமுக்கு எடுத்த படத்தை 25 ஃபிரேமில் ஓட்டுவதால், படம் சுமார் 4 சதவீதம் வேகமாகி, வெளியிலிருந்து சேர்க்கும் இசையோடு சுருதி சேராது.

விளக்கத்தை நீக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. சிறுமி ரோஸின் உடலுக்குள் புகுந்துதான் தேவாலயத்துக்குள் போக முடியும் என்ற ஒப்பந்தம் அந்தப் பேச்சின் இறுதியில் வருகிறது. அதையும் வெட்டினால், ரோஸ் குத்துப்பட்டதும் அவள் இரத்தத்திலிருந்து தேவாலயம் முழுவதும் இருட்டு பரவுவது ஏன் என்று யாருக்கும் விளங்காது. ஆகவே குரலற்ற படங்கள், பிறகு அந்த ஒரு சிறு உரையாடல் என்று வைத்தோம். தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் பெரிய நிம்மதியாக இருந்தது; விளக்கம் ஓடிய நேரமெல்லாம் அவர்கள் கண் திரையின் அடிப்பகுதியில் எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தது, இப்போது முதன்முறையாக அந்தப் படங்களையே பார்த்தார்கள்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகாயோஷி சாட்டோ உருவாக்கிய 1999ஆம் ஆண்டுக் காட்சித் துண்டுகள் அந்தக் காலத்துக்கு வியப்பானவை, இன்றும் எனக்குப் பிடித்தவை. ஆனால் அவை பழைய தொலைக்காட்சியின் 4:3 அளவில், குறைந்த தெளிவில் இருக்கின்றன. அகலத்திரைப் படத்துக்கு நடுவே அவை வந்ததும், பார்ப்பவர் பயத்தை மறந்து, தாம் ஒரு ரசிகரின் வேலையைப் பார்க்கிறோம் என்று நினைவுகூர்கிறார். இந்த வழியை விரும்புகிறவர்கள் கேட்கும் மற்றொன்று, பிரமிடு வடிவத் தலையோடு பெரிய கத்தி ஏந்தி வரும் ‘பிரமிடுத் தலையன்’ என்ற அரக்கனை நீக்க வேண்டும் என்பது. அவன் 2001இல் வந்த இரண்டாவது கேமுக்கு உரியவன், அந்தக் கதையின் நாயகனுடைய குற்றவுணர்விலிருந்து பிறந்தவன், ஆகவே ரோஸின் கதையில் அவனுக்கு இடமில்லை என்ற வாதம் கேமின் தர்க்கப்படி சரிதான். இருந்தாலும், பெரிய கத்தி இரும்புக் கதவைத் துளைத்துக்கொண்டு வரும் காட்சியை நீக்கிவிட்டுப் பார்த்தபோது முதற்பாதியின் உச்சமே போய்விட்டது. தூய்மைக்காகப் பயத்தை விலையாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

முதலிரண்டு வழிகளுக்கு இடையில்தான் உண்மையான போட்டி. என்னுடைய தீர்ப்பு இரண்டாவது வழிக்கே, ஆனால் முதலாவதிலிருந்து ஒரு பாதியை எடுத்துக்கொண்ட இரண்டாவதற்கு. கணவனின் பகுதியைக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு வேலைகள் இருப்பது தெரியும். அவன் மனைவியைத் தேடுகிறான். ஆவணக் காப்பகத்திலும் அனாதை விடுதியிலும் ஊரின் வரலாற்றைத் துருவுகிறான். இந்த இரண்டாவது வேலை, பின்னால் சிறுமி சொல்லப்போகும் கதையையே முன்கூட்டிப் பாதி சொல்லிவிடுகிறது. படம் ஒரே செய்தியை இரண்டு முறை விளக்குகிறது என்ற சலிப்பு இங்கேதான் பிறக்கிறது. ஆகவே துருவுகிறவனை நீக்கிவிட்டுத் தேடுகிறவனை வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தால், வெறிச்சோடிய ஊரில் அவன் நிற்க, மற்றோர் உலகத்தில் ரோஸ் அவனைக் கடந்து ஓட, அவளுடைய வாசனைத் திரவியத்தின் மணம் மட்டும் அவனுக்குத் தட்டுப்படும் அந்தக் காட்சி மிஞ்சுகிறது. படம் முழுவதிலும் கணவனுக்குக் கிடைத்த மிக நல்ல காட்சி அதுதான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதால், அவன் வந்தும் பனி விலகுவதில்லை. கடைசியில் கதவு திறந்து கிடப்பதைப் பார்க்கும் மனிதனை நாம் ஏற்கெனவே அறிந்தவர்களாக இருக்கிறோம்.

இதற்கு விலையும் உண்டு. முதல் வழியின் இறுக்கம் முழுவதும் கிடைக்காது; பள்ளிக்கூடப் பகுதியில் ஓரிடத்தில் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். கேமைப் பலமுறை விளையாடியவர், கதை தெரிந்தவர், முடிவின் பொருளைத் தாமே நிரப்பிக்கொள்ளக்கூடியவர் என்றால் கணவனற்ற பதிப்பே அவருக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன். கதையே தெரியாத தங்கைக்கோ நண்பருக்கோ காட்டுவதற்கு அது உதவாது.

செய்யப் புறப்படுகிறவர்கள் சட்டத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, தம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்குப் பிரிவு 52இல் இடம் தருகிறது. படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் படைத்தவருக்குள்ள உரிமையைப் பிரிவு 57 காக்கிறது. வட்டின் பூட்டை உடைப்பது பற்றி, 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ பேசுகிறது. எடிட் செய்த முழுப் படத்தை டெலிகிராமில் ஏற்றுவது பிரிவு 52 தரும் இடத்துக்குள் அடங்காது. எங்கள் பதிப்பு அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. எந்த இடத்தில் வெட்டினோம் என்ற நேரக்குறிப்புப் பட்டியலை மட்டும், அசல் வட்டு வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கொடுக்கிறோம். அதை வைத்து அவரவர் தம் டைம்லைனில் வெட்டிக்கொள்ளலாம். சப்டைட்டில் கோப்பின் நேரங்களை மட்டும் வெட்டி முடித்த பிறகே மாற்ற வேண்டும். முன்னதாகத் தொட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை முழுவதும் திருத்த வேண்டியிருக்கும்.