கல் தெறித்த பெயிண்டுக்கு எது சரி: பேனாவா, டப்பியா, பேனல் பீட்டரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டொங்காட் வரை என்2 நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் எந்தக் காருக்கும் பானட்டின் முன்விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட் பெயர்ந்திருக்கும். போதாததற்கு உப்புக் காற்று வேறு. தகரம் தெரிந்துவிட்டால் துரு ஏற அதிக நாள் ஆகாது. ஆகவே, டர்பனின் புராஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ் போன்ற பழைய கார்களுக்கு முதல் வேலை துருவைத் தடுப்பது. நிறம் அச்சு அசலாகப் பொருந்துவதெல்லாம் அப்புறம்.

டச்-அப் பேனா கைக்கு வசதி, ஆனால் முடிக்கீறலுக்குத்தான் லாயக்கு. குழியாகப் பெயர்ந்த இடத்தை அதன் முனையால் நிரப்ப முடியாது. என் ஓட்டு பிரஷ்ஷோடு வரும் டச்-அப் பெயிண்ட் டப்பிக்கே. ஆனால் அந்தப் பிரஷ் தடிமன். அதைத் தூக்கி வைத்துவிட்டுப் பல்குச்சி எடுங்கள். துருவைச் சின்னத் துண்டு உப்புத்தாளால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, தகரம் தெரிந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு சொட்டு. காய்ந்தபின் நிறம். ஒரே சொட்டில் நிரப்பினால் மரு போல முட்டிக்கொண்டு நிற்கும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை வையுங்கள், காயக் காயச் சுருங்கி இறங்கும். கடைசியாகக் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. ஒரு வாரம் பொறுத்து, 2000 நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மேட்டை மட்டும் தொடுங்கள். கம்பெனிக் கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அழுத்தினால் போச்சு.

உங்கள் காரின் பெயிண்ட் நிறக் குறியீடு வண்டியில் உள்ள தகட்டிலேயே இருக்கும். குறியீடு சரியாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த பானட்டில் புதுப் பொட்டு கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும். பழைய காரில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஸ்பிரே டப்பா அரிசி அளவு காயத்துக்கு உள்ளங்கை அளவு கறை வைக்கும், வேண்டாம். பேனல் பீட்டரிடம், அதாவது தகரம் தட்டிப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரரிடம், போவது பெயிண்டுக்கடியில் துரு கொப்புளித்திருந்தால் மட்டும். அதன்மேல் டப்பி பூசுவது வீண். மெட்டாலிக் நிறமென்றால் பக்கத்து ஃபெண்டர் வரை கலந்து அடிக்கவேண்டிவரும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

பளபளப்புக்கு வருவோம். கார்னூபா மெழுகு போட்டால் அழகோ அழகு, ஆனால் இந்த வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்களில் கரைந்துவிடும். செராமிக் பூச்சு வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் அடியிலுள்ள கீறல்களை முதலில் பாலிஷ் போட்டு எடுக்கவேண்டும், தேய்ந்த பெயிண்ட் அதைத் தாங்குமா என்பதே சந்தேகம். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் நாலைந்து மாதம் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். பழைய காருக்கு அதுதான்.

எதைப் பூசினாலும், கரும்புத் தோட்டம் கொளுத்தும் மாதங்களில் வந்து படியும் கரித்தூளை உலர்துணியால் துடைக்காதீர்கள். வட்ட வட்டமாகக் கீறல் விழும். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள். புதிதாகப் பெயிண்ட் வைத்த இடத்தில் மட்டும் ஒரு மாதம் போகட்டும், பிறகு சீலன்ட் போடலாம்.